டாங்க்கின் வாயில் ஒரு ரப்பர் வளையம்

காரின் பெட்ரோல் டாங்க்குக்கு மேல்புறத்தில், உள்ளங்கையைவிடச் சற்றே அகலமாக ஒரு வட்டத் துளை இருக்கும். பம்ப், அளவு காட்டும் மிதவை, வலைவடிகட்டி எல்லாம் ஒரே கூட்டாக இந்தத் துளை வழியேதான் உள்ளே இறங்கியிருக்கும். கார்புரேட்டர் காலத்தில் பம்ப் பெரும்பாலும் எஞ்சினோடு ஒட்டியிருந்தது. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு டாங்க்குக்குள் போய்விட்டது. பெட்ரோலில் மூழ்கியிருக்கும் மோட்டார் எளிதில் சூடாகாது. உறிஞ்சும் வழியில் ஆவிக் குமிழும் சேராது. இந்த வசதிக்காக டாங்க்கின் தலையில் ஒரு வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. பம்ப்பின் மூடித்தட்டுக்கும் டாங்க்கின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வாயை அடைத்து வைத்திருக்கிறது. பட்டறையில் அதை ஓ-ரிங் என்பார்கள், அல்லது பம்ப் கேஸ்கெட் என்பார்கள்.

பம்ப் அனுப்பும் பெட்ரோலின் அழுத்தம் பல கார்களில் 3 பார் அளவுக்கு இருக்கும். அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது குழாய்தான், இந்த வளையம் இல்லை. வளையத்தின் மேல் விழுவது டாங்க்குக்குள் சேரும் ஆவியின் சிறிய அழுத்தமும், டாங்க் நிறைந்திருக்கும்போது அலையடிக்கும் பெட்ரோலும் மட்டுமே. ஆனாலும் அது தோற்றுப்போக வழிகள் பல உண்டு. நசுக்கப்பட்ட ரப்பர் திரும்ப விரியப் பார்க்கிறது. அந்த எதிர்விசைதான் இடைவெளியை மூடுகிறது. வெயிலிலும் எரிபொருளிலும் பல ஆண்டு கிடந்தால் ரப்பர் அந்த விசையை இழந்து, நசுங்கிய வடிவத்திலேயே தங்கிவிடும். வார்க்கும்போது ஒரு இழை அளவு குறைந்திருந்தாலும், பள்ளத்தில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் புதிய காரிலேயே கசிவு வரும். எந்த ரப்பர் என்பதும் முக்கியம். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலை ஓரளவு நன்றாகவே தாங்கும். எத்தனால் கலப்பு கூடக்கூட ஃபுளோரோ ரப்பர் நம்பிக்கையானது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கும் நிலையில், பழைய கார்களின் வளையங்கள் எதனால் ஆனவை என்று கேட்க நியாயமான காரணம் இருக்கிறது.

இந்த வளையம் டாங்க்கின் உச்சியில் இருப்பதால், அதன் குறை எளிதில் வெளியே தெரிவதில்லை. பாதி டாங்க்கோடு ஓடும் காரில் பெட்ரோல் அதைத் தொடுவதே அரிது. மெல்லிய ஆவி மட்டும் கசியும், காற்றோடு போய்விடும். கழுத்து வரை நிரப்பிய அன்றுதான் பிரச்சினை தலைகாட்டும். நம் ஊர் பங்க்குகளில் ஆட்டோ கட்-ஆஃப் ஆன பிறகும் ரூபாய்க் கணக்கை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற பழக்கம் உண்டு. அந்தக் கொஞ்சம்தான் பெட்ரோலை வளையத்தின் மட்டத்துக்குத் தூக்கிவிடுகிறது. “ஃபுல் டாங்க் அடிச்சா மட்டும் வாடை வருது” என்று சொல்லிக்கொண்டு வரும் வாடிக்கையாளரின் பேச்சைத் தேர்ந்த மெக்கானிக் தட்டிக்கழிக்க மாட்டார். நோயின் பாதி அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று மாருதி சுசூகியின் ஏ-ஸ்டார். 2008 நவம்பரில் சந்தைக்கு வந்த இந்தச் சிறிய கார் ஹரியானாவின் மானேசர் ஆலையில் தயாரானது. ஐரோப்பாவுக்கு சுசூகி ஆல்டோ என்ற பெயரிலும், நிசான் பிக்ஸோ என்ற பெயரிலும் கப்பலேறியது. 2010 பிப்ரவரியில், அதுவரை தயாரானவற்றில் சுமார் 1,00,000 கார்களை நிறுவனம் தானாகவே திரும்ப அழைத்தது. டாங்க் விளிம்பு வரை நிரம்பினால் பம்ப் கேஸ்கெட் வழியே பெட்ரோல் கசியலாம் என்பதே காரணம். கேஸ்கெட்டைக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். அன்றைக்கு ரீகாலைக் கட்டாயப்படுத்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், தானாக முன்வந்து திரும்ப அழைப்பதற்கான நெறிமுறையை 2012-இல்தான் கொண்டுவந்தது. 2014 ஏப்ரலில் இதே நிறுவனம் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா என மூன்று வகையிலும் சேர்த்து 1,03,311 கார்களை ஃபில்லர் நெக் மாற்ற அழைத்தது. அது பெட்ரோல் ஊற்றும் குழாயின் வாய்ப்பகுதி; இடம் வேறு, அச்சம் ஒன்றே.

அச்சத்துக்குக் காரணம் பெட்ரோலின் இயல்பு. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவி விடும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்த காரை பிட் மேல் நிறுத்துவதில்லை. இரண்டு பக்கமும் திறந்த இடத்தில் விடுகிறார்கள். உலர்பொடித் தீயணைப்பானும் மணல் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒயர் போட்ட கைவிளக்கு, செல்போன், கிரைண்டர் எதுவும் அந்தப் பக்கம் வராது.

கார் உள்ளே வந்ததும் சர்வீஸ் அட்வைசர் செய்கிற முதல் வேலை, 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பரைக் கணினியில் தட்டிப் பார்ப்பது. ரீகால் என்பது மாடலின் பெயரைப் பார்த்து வருவதில்லை. குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட வரிசையில் தயாரானவற்றுக்கே வருகிறது. பட்டியலில் இருந்தால் ஜாப் கார்டில் ரீகால் எண் ஏறும், கட்டணப் பகுதி பூஜ்யமாகும்.

அடுத்தது பார்வையிடல். பின்சீட்டின் அடிமெத்தையைத் தூக்கினால் சில கார்களில் தகரமூடி ஒன்று தெரியும். அதைக் கழற்றினால் பம்ப்பின் தலை. அந்த வசதி இல்லாத கார்களில் டாங்க்கையே கீழே இறக்க வேண்டும், வேலை இரண்டு மடங்கு. மூடியைத் திறந்தவுடன் மெக்கானிக் எதையும் தொடுவதில்லை. முதலில் தூசியைப் பார்க்கிறார். நல்ல வளையம் உள்ள காரில் தூசி ஒரே சீராக, உலர்ந்து, ஊதினால் பறக்கும். கசிவு உள்ள இடத்தில் தூசி ஈரத்தை வாங்கிக் கறுத்து, விளிம்பைச் சுற்றிப் பிறை வடிவில் ஒட்டிக்கிடக்கும். கசிந்தது பலமுறை காய்ந்திருந்தால் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். எந்தக் கருவியும் காட்டித்தராத வரலாறு அது. நல்ல பட்டறையில், துடைப்பதற்கு முன் அதைப் படம் எடுத்து ஜாப் கார்டோடு சேர்க்கிறார்கள். எடுக்கும் கேமராவும் வேலை தொடங்கும் முன்பே வெளியே போய்விடும்.

திறப்பதற்கு ஒழுங்கு உண்டு. பம்ப்பின் ஃபியூஸை உருவிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பி கழற்றப்படும். டாங்க் நிறைந்திருந்தால் பெட்ரோலை அதற்கென்று உள்ள கேனில் வடிப்பார்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க, காரின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொடுவதும் வேலையின் பகுதிதான். மூடித்தட்டைச் சுற்றியுள்ள தூசியை இப்போதே முழுதாகத் துடைத்தாக வேண்டும். விட்டால் திறக்கிற நொடியில் அது டாங்க்குக்குள் விழும்.

மூடித்தட்டைப் பிடித்திருப்பது சில கார்களில் போல்ட்டுகள், சிலவற்றில் பெரிய லாக் ரிங். லாக் ரிங்குக்கென்று தனி டூல் உண்டு. அது இல்லாத இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார்கள். பற்கள் உடைவது ஒருபுறம் இருக்க, இரும்பில் இரும்பு உரசும் பொறி இன்னொரு புறம். இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல.

பம்ப் கூட்டைச் சாய்த்து, மிதவைக் கம்பி வளையாமல் வெளியே எடுத்ததும் பழைய வளையம் கையில் வருகிறது. பெரும்பாலும் அது தன் பள்ளத்தைவிடப் பெரிதாகியிருக்கும். பெட்ரோலைக் குடித்த ரப்பர் ஊதி நீண்டுவிடுகிறது; நாள்பட்ட குக்கர் கேஸ்கெட் மூடிக்குள் அடங்காமல் எம்பி நிற்குமே, அப்படி. பழையதையே திரும்பப் போடக்கூடாது என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். அழுத்தித் திணித்தால் ஓரிடத்தில் மடிந்து, அந்த மடிப்பே புதிய கசிவாகும். பிளாஸ்டிக் டாங்க்கும் ஓரளவு இப்படி வடிவம் மாறக்கூடியதுதான். மரையுள்ள வாயை நெடுநேரம் திறந்தே வைத்தால் அது விரிந்து, லாக் ரிங் ஏற மறுக்கும். அதனால் வேலை நடக்கும்போதே ரிங்கை வாயில் தளர்வாக மாட்டிவைக்கிறார்கள்.

எல்லாம் கூடி வருவது பள்ளத்தைத் துடைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். நூல் உதிராத துணியால் மூத்த மெக்கானிக் விளிம்பைச் சுற்றித் துடைக்கிறார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு விரல்நுனியை மெதுவாக ஒரு முழு வட்டம் ஓட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத கீறலும் மணலும் விரலுக்குத் தெரியும். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. “தம்பி, துணிய மாத்து. இதுல நூல் வருது” என்கிறார். “சரிண்ணே” என்று உதவியாளர் வேறு துணி கொடுக்கிறார். மறுபடி ஒரு வட்டம். ஒரு தலைமுடி அளவு நூல் வளையத்துக்கு அடியில் சிக்கினாலும் போதும், பெட்ரோல் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்துவிடும். ஆலையின் ஆய்வகமும், லட்சம் வீடுகளுக்குப் போன கடிதமும், உதிரிபாகக் கிடங்கும் உறுதியளித்த பாதுகாப்பு கடைசியில் இந்த விரலிடம் வந்து நிற்கிறது. ரீகால் வேலைக்கு நிறுவனம் டீலருக்குக் கொடுப்பது முன்கூட்டியே நிர்ணயித்த மணிக்கணக்குக் கூலி. இரண்டாவது முறை துடைத்ததற்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. அவர் செய்வது தன் வேலைக்குத் தானே வைத்துக்கொண்ட அளவுகோலால்தான். அதற்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

புதிய வளையம் முறுக்கில்லாமல் பள்ளத்தில் அமர்கிறது. கிரீஸ் தடவலாமா, உலர்வாகவே வைக்க வேண்டுமா என்பது காருக்குக் கார் மாறும். அந்த மாடலின் கையேடு சொல்வதே சட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே பசையைத் தடவும் பழக்கம் ரப்பரைக் கெடுக்கும். மூடித்தட்டின் அம்புக்குறி டாங்க்கின் குறியோடு சேர வேண்டும், இல்லையென்றால் மிதவை சுவரில் இடித்து மீட்டர் பொய் சொல்லும். போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் குறித்த அளவுக்கு இறுக்குகிறார்கள். அதிகம் இறுக்கினால் தட்டு வளைந்து, நடுவில் இடைவெளி விடும். பலத்தால் சாதிக்கிற வேலை இல்லை இது.

சோதனை முழுதாக நடந்தால்தான் வேலை முடிந்தது. சாவியைச் சிலமுறை ஆன் செய்து பம்ப்பை ஓடவிட்டுக் குழாய் இணைப்புகளைப் பார்க்கிறார்கள். அதில் வளையம் தேறிவிட்டதென்று கொள்ள முடியாது. குறை வெளிப்பட்டது நிறைந்த டாங்க்கில் என்றால், சோதனையும் நிறைந்த டாங்க்கில்தான் நடக்க வேண்டும். கட்-ஆஃப் வரை நிரப்பி, ஒருமுறை ஓட்டிவந்து, விளிம்பைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்ப்பது எளிய வழி. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான். வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டியதும் இதுவே. கழற்றிய பழைய பாகத்தில் சேசிஸ் நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி வாரண்டிப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். ரப்பர் எங்கே, எப்படித் தோற்றது என்று வடிவமைத்தவர்கள் அதிலிருந்துதான் படிக்க முடியும்.

இன்று ரீகாலுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019-இன்படி சேர்ந்த 110-ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களைப் பற்றியவை, அபராதம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை. ஆனால் கடிதம் போவது பதிவேட்டில் உள்ள முகவரிக்கு. கார் கைமாறி, ஆர்.சி. பெயர் மாறாமல் கிடந்தால் அது பழைய உரிமையாளரின் வீட்டில் பிரிக்கப்படாமலே போகும். பழைய கார் வாங்குபவர்கள் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டால், நிலுவையில் ரீகால் உண்டா என்பதை அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். எஞ்சின், டயர், பெயின்ட் எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள் இதையும் கார் வாங்கும் முன்பே கேட்டுவிடலாம்.