கொலன்னாவையில் ஓர் அன்பளிப்புக் கடை

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது நாம் தயங்கினோம். பட்டமும் பதவியும் பெற்ற பழைய மாணவர் பலர் இருக்க, கொலன்னாவையில் ஒரு சிறு அன்பளிப்புப் பொருட்கடை வைத்திருக்கும் நாம் எதனை எழுதுவது? எனினும், சொந்தமாகக் கடையொன்று தொடங்க எண்ணும் தம்பிமாருக்கு நாம் பட்டறிந்ததைக் கூறினால் சிறிது பயன் விளையும் எனத் துணிந்தோம். எம் வெற்றிகளிலும் பார்க்க எம் பிழைகளே இங்கு மிகுதி.

கொலன்னாவை கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்த ஊர். எண்ணெய்க் களஞ்சியத்தாற் பெயர் பெற்றது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் இடமாதலின், எம் கடைக்கு ஆண்டு முழுவதும் திருநாளே. சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முந்தி வரும். சென்ற ஆண்டின் நாட்குறிப்பைப் பார்த்துச் சரக்கு எடுப்பவர் பிந்திவிடுவர். ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அதற்கு முதல்நாள் சில்லறைக் காசைக் கையிற் பொத்திக்கொண்டு வரும் பிள்ளைகளை வெறுங்கையுடன் அனுப்பலாகாது. அக்காசுக்கேற்ற பொருளொன்று எப்பொழுதும் முன் இறாக்கையில் இருத்தல் வேண்டும்.

எதனை விற்பது? புறக்கோட்டை மொத்தக் கடைகளிற் கிடைக்கும் பொருள் எல்லாக் கடைகளிலும் உண்டு. அதில் விலைப்போட்டியே மிஞ்சும். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டி, தும்பறைப் பாய், பிலிமத்தலாவைப் பித்தளை விளக்கு, அம்பலாங்கொடை முகமூடி முதலியன செய்தவர் கைத்திறனையும் ஊரையும் சொல்லி விற்கத்தக்கவை. புதிய பொருளெனின் முதலில் மூன்று மட்டும் எடுத்து வைக்குக. அவை விற்ற பின் ஒரு டசின் எடுக்கலாம்.

இனிக் கணக்கு. நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருளை 150 ரூபாவுக்கு விற்றால் ஐம்பது ரூபா இலாபம். அதில் நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தால் 15 ரூபா போகும். விலையிற் பத்திலொன்று குறைந்ததென்று நாம் நினைப்போம். ஆனால் இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வீதம் போயிற்று. மேலும், மாதம் ஒருமுறை விற்று இருபது ரூபா தரும் பொருள் ஆண்டில் 240 ரூபா தரும். ஆண்டு முழுவதும் தூசி படிந்து கிடந்து ஒருமுறை அறுபது ரூபா தரும் பொருள் அதே இடத்தையும் அதே முதலையும் பிடித்திருக்கும். இலாப வீதத்தை மட்டும் நோக்கி மயங்கற்க.

எமது வர்த்தக ஆசிரியர் வகுப்பில் அடிக்கடி ஒன்று கூறுவார்: "விற்ற சரக்கைத் திரும்ப வாங்கி இறாக்கையில் வைத்த பிறகுதான், தம்பி, இலாபம் என்ற சொல்லை உச்சரிக்க வேண்டும்." அன்று பரீட்சைக்காக எழுதிக்கொண்டோம், பொருள் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில், வெசாக் நெருங்கிய வேளை, களனி கங்கை பெருகியது. வாடகை குறைவென்று தாழ்ந்த நிலத்திற் கடை எடுத்திருந்தோம். இடம் போதாமையால் வெசாக் கூடுகளையும் வண்ணத்தாள்களையும் தரையில் அடுக்கியிருந்தோம். கடைக்குள் இடுப்பளவு நீர் நின்றது. காப்புறுதிப் பத்திரத்தை அதன் பின்னரே முதன்முறையாக முற்றாக வாசித்தோம். தீக்கு உறுதி இருந்தது, வெள்ளத்துக்கு இல்லை. பிழை எம்முடையது. வீட்டுக்காரியின் காப்புகளை அடகு வைத்து மீண்டும் கடை திறந்தோம். கடன் கொப்பியும் நீரில் அழிந்துபோயிற்று. தாமாகவே வந்து கடனைத் தீர்த்தோரும் உளர். வீதியின் மறுபுறத்தாற் செல்லத் தொடங்கியோரும் உளர். நாம் மறந்திருந்த கணக்கொன்றைக் கொடுத்த சிங்கள அம்மையார், "முதலாளி, எங்கள் வீட்டிலும் தண்ணீர், அதனாற்றான் சுணங்கிவிட்டது" என்று வருந்தினார். அன்று முதல் கணக்குக் கொப்பி இரண்டு. ஒன்று கடையில், மற்றது வீட்டில். கீழ் இறாக்கையில் நனைந்தாலும் கெடாத பொருள்களே வைக்கிறோம்.

மறு ஆண்டு, 2017 ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். கைவிசேடத்துக்கெனத் தொங்கவிட்ட தோரணங்களை நாம் கழற்றினோம். அவ்வாரம் வியாபாரம் இல்லை. ஊர் அழும்போது கடை மட்டும் சிரித்தல் தகாது.

பெரும் பிழை 2022இல் நேர்ந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. விலை ஏறுமுன் வாங்குவோமென்று மக்கள் வந்தனர். நாமும் பழைய விலைக்கே மகிழ்ந்து விற்றோம். இலாச்சி நிறைந்தது. பின் சரக்கெடுக்கச் சென்றபோது, நூறு ரூபாவுக்கு வாங்கி 150க்கு விற்ற பொருளின் கொள்விலை 170. நாம் இலாபமென்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுத்தது கடையின் முதல்! இறாக்கைகள் பாதி வெறுமையாயின. ஆசிரியரின் சொல் அன்றுதான் நெஞ்சிற் சுட்டது. அதன்பின் ஒவ்வொரு பொருளுக்கும் மறுகொள்விலையைக் கேட்டறிந்தே விலை குறிக்கிறோம். கடை நிமிர இரண்டு ஆண்டுகள் சென்றன.

தம்பிமாரே, சிறு கடை செல்வந்தராக்கும் என்று நாம் சொல்லோம். ஆயினும் அயலாரின் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறந்தநாளையும் அறிந்து வாழும் பேறு அதில் உண்டு. தொடங்கும் முன் நிலத்தின் மட்டத்தைப் பாருங்கள், காப்புறுதியை வாசியுங்கள், இலாபத்தைப் பிந்தி எண்ணுங்கள். இவ்வழி வரும் பழைய மாணவர் எவரும் எம் கடையில் ஒரு கோப்பை தேநீர் அருந்திச் செல்லலாம்.

வாழிய நம் கல்லூரி!