ஓநாய்க் காட்டில் நாயோடு ஒரு நடை

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா. பைன் மரக் காடு, பனி மலை, போ ஆற்றுப் பள்ளத்தாக்கு. பெரும்பாலான மலைப் பாதைகளில் செல்ல நாயோடு நடக்கலாம். ஆனால், எந்நேரமும் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப்போகும் ஓநாய், நாயைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரியாக நினைக்கலாம். அவிழ்த்துவிட்ட நாய் குரைத்துக்கொண்டு பாயும். பயந்துவிட்டால் உங்களிடமே ஓடிவரும். பின்னாலேயே ஓநாயும் வரும்!

எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். நாயை அருகில் இழுத்துப் பிடித்து, ஓநாயைப் பார்த்தபடி சத்தம் போட்டுக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். கரடிக்காகக் கொண்டுபோகும் ஸ்பிரே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓநாயிடமிருந்து 100 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாதே! அதனால்தான் கயிறு.