பேரனும் பைக்கும் 25,000 ரூபாயும்

பைக் ரேஸ் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று சோழவரம். மற்றொன்று, நடுராத்திரியில் தெருவையே எழுப்பிக்கொண்டு பறக்கும் பையன்கள். முதலாவதைப் பற்றி ஆசையாகப் பேசுவோம்; இரண்டாவதைத் திட்டுவோம். இரண்டுக்கும் நடுவில் ‘டிராக் டே’ என்று ஒன்று இருக்கிறது. சென்ற ஜனவரியில் என் மகள் வயிற்றுப் பேரன் அதற்குப் போனான். அவன் வண்டியைத் தயார் செய்தவன் நான். காலை நடையில் நண்பர்கள் தினமும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இளையவர்களுக்காகச் சோழவரம் பற்றி இரண்டு வரி. செங்குன்றம் தாண்டி, யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. எழுபதுகளில், அப்ரண்டிஸாக இருந்தபோது, பஸ் பிடித்து, மீதியை நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். ஜாவா, எஸ்டி, புல்லட் எல்லாம் ஓடும். வீட்டிலிருந்து ஓட்டி வந்த வண்டியிலேயே ஹெட்லைட்டையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் இறங்கியவர்களும் உண்டு. சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதே கிளப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் கட்டியது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில், மறைந்த கரிவரதன் பெயரில் இன்னொன்று இருக்கிறது.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. பரிசும் கிடையாது, முதலாவது இரண்டாவதும் கிடையாது. கட்டணம் கட்டி, சொந்த வண்டியை அந்தத் தடத்தில் ஓட்டலாம். அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது நிமிஷம். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

பேரனுக்கு இருபத்துமூன்று வயது. முதல் வேலை. முதல் சம்பளங்களைச் சேர்த்து 2016-ஆம் வருஷத்து யமஹா ஆர்-15 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு சிநேகிதர்களோடு மகாபலிபுரத்துக்கு ‘டீ குடிக்க’ப் போவான். டீ எங்கள் தெருமுனையிலேயே நன்றாக இருக்கும். ஆக, டீ விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டம் சொல்லியா இருபத்துமூன்று வயது நிற்கும்?

ஒருநாள் அவனே வந்து, “தாத்தா, இருங்காட்டுக்கோட்டைல டிராக் டே இருக்கு, போகலாம்னு பாக்கறேன். கைல 25,000 இருக்கு” என்றான். என் மகள் சமையலறையிலிருந்தே, “அப்பா, நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள்.

நான் சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை எங்க போறான்னு உனக்குத் தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டேன். அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “வண்டிய நீங்க பாத்துக் குடுத்தா போகட்டும்” என்றாள். அதாவது, பொறுப்பு என் தலையில்.

அவனிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. ஒரு கடைக்காரர் எழுதிக்கொடுத்தது. சத்தம் போடும் சைலன்சர், புது மாதிரி ஏர் ஃபில்டர், எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு மின்பெட்டி, கடைசியாக ஸ்டிக்கர். எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். வண்டி மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போகுமாம்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மேன் சொல்வார்: “கிளம்பாத பஸ்ஸால ஒருத்தனும் சாகமாட்டான்டா. நிக்காத பஸ்ஸப் பாரு முதல்ல.” பேரனிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. நல்ல ரோட்டில் 60-இல் போகிற வண்டி பிரேக் பிடித்து 18 மீட்டரில் நிற்கும் என்றால், 120-இல் போகும்போது 72 மீட்டர் வேண்டும். ஆறு பஸ்ஸை வரிசையாக நிறுத்துகிற நீளம். “இப்ப சொல்லு, காசை எதுல போடலாம்?” பட்டியலை அவனே மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். முன் டயரில் 3116 என்று இருந்தது. 2016-ஆம் வருஷத்தின் 31-ஆவது வாரம். பட்டன் இன்னும் தேயவில்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, ரப்பர் கட்டையாகிவிட்டது. வளைவில் சாய்க்கும்போது அந்த ரப்பரின் உள்ளங்கையளவு இடம்தான் வண்டியையும் பையனையும் பிடித்துக்கொண்டிருக்கும். பின் டயர் ஏற்கெனவே மொட்டை. இரண்டும் புதிதாகப் போட்டோம். 7,300 ரூபாய். புது டயர் முதலில் வழுக்கும் என்பதால் ஒரு வாரம் ஆபீசுக்கு நிதானமாக ஓட்டச் சொன்னேன்.

அடுத்தது பிரேக். முன்னும் பின்னும் புதிய பேடுகள் 1,350. பிரேக் ஆயிலும் புதிது, டாட் 4, 180 ரூபாய். பல பேர் இந்த ஆயிலை மாற்றுவதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஓங்கிப் பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளேயுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகும். அப்போது லீவர் பஞ்சு மாதிரி கைக்குள் வந்துவிடும், வண்டி நிற்காது. எங்கள் வண்டியிலிருந்து இறக்கிய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

முன் ஃபோர்க்குக்கு ஆயிலும் சீலும் 950. எஞ்சின் ஆயில், ஃபில்டர் 680. இவ்வளவுதான் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் கைவேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், எங்கள் வீட்டு வாசலில். அந்த இரண்டு ஞாயிறும் அவன் டீ குடிக்கப் போகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்து, பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தான். கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். பஸ்ஸில் ஜாக்கி வைத்து கிங் பின் ஆட்டம் பார்ப்போமே, அதேதான். லேசாக ‘டொக்’ என்றது. ஹேண்டில்பார் பேரிங்கைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்தோம். செயினைக் கழுவி, எண்ணெய் விட்டு, கையேட்டில் சொன்ன தொய்வு வைத்தோம். ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாகப் படக்கென்று திரும்புகிறதா என்று, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தோம். இதற்கெல்லாம் காலணா செலவில்லை.

பிறகு கழற்ற வேண்டியவை. கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சேலை கார்டு. விழுந்தால் உடைந்து தடத்தில் சிதறுபவை, தரையில் உரசுபவை எதுவும் இருக்கக்கூடாது. சைடு ஸ்டாண்டை இறங்கிவிடாமல் கட்டினோம். ஹெட்லைட்டின் மேல் டேப் ஒட்டினோம். உடைந்தாலும் சில்லு தெறிக்காது.

ரேடியேட்டரிலிருந்து கூலன்ட்டை இறக்கிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னபோது பேரன், “எதுக்கு தாத்தா? அதுதானே எஞ்சினுக்கு நல்லது” என்றான். எஞ்சினுக்கு நல்லதுதான். ஆனால் கூலன்ட் தடத்தில் சிந்தினால் சீக்கிரம் காயாது, எண்ணெய் மாதிரி வழுக்கும். பின்னால் வருகிறவன் விழுவான். எஞ்சின் ஆயில் இறக்கும் போல்ட்டைத் துளையிட்டுக் கம்பி போட்டுக் கட்டுவதும் அதற்காகத்தான். தண்ணீர், கம்பி, டேப் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். “பாதி வேலை அடுத்தவனுக்காகவா தாத்தா?” என்றான். ஆமாம் என்றேன்.

வண்டிக்கு மொத்தம் 10,800 ஆயிற்று. கட்டணம் 7,500. லெதர் உடையும் பூட்ஸும் வாங்கினால் சொத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம், 3,000. கையுறை மட்டும் சொந்தமாக, 2,100. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் அவனிடம் நல்லதாகவே இருந்தது. சிநேகிதர்களோடு பங்கு போட்டு ஒரு குட்டி யானை வண்டி, அவன் பங்கு 1,300. மிச்சம் 300 ரூபாய். ஸ்ரீபெரும்புதூரில் இட்லிக்கு ஆயிற்று.

குட்டி யானை எதற்கு, ஓட்டிக்கொண்டே போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம்பர் பிளேட்டும் கண்ணாடியும் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது. அதைவிட முக்கியம், நாள் முழுக்க நூறுக்கு மேலே ஓட்டிய கண்ணுக்குத் திரும்பி வரும்போது எழுபது என்பது நிற்கிற மாதிரி இருக்கும். உடம்போ சோர்ந்திருக்கும். அந்தத் திரும்பும் பயணம்தான் எனக்குப் பயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வண்டி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இது செல்லாது என்று எழுதியிருக்கும். அங்கே வண்டி உடைந்தால் கைக்காசுதான். பேரனிடம் அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று நானும் கூடப் போனேன். காலையில் வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாக உள்ளே வரவேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். கட்டம் போட்ட கொடி என்றால் முடிந்தது. பிறகு வண்டிப் பரிசோதனை. கம்பி கட்டிய போல்ட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “யார் கட்டினது?” என்று கேட்டார் பரிசோதகர். பேரன் என்னைக் காட்டாமல், “நான்தான் சார்” என்றான். அதுவும் உண்மைதான்.

முதல் சுற்றுகள் பயிற்சியாளர் பின்னால், வரிசையாக. பிறகு தனியாக விட்டார்கள். அவன் வண்டியின் சத்தம் தூரத்தில் ஏறி இறங்குவதை வைத்து, எந்த வளைவில் இருக்கிறான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவை அவன் கண்ணில் பட்டபோதும் மூச்சு விட்டேன். சும்மா வேடிக்கை பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவை முடிந்து வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றியதும் தண்ணீர் கேட்டான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. “பிரேக் பிடிக்கவே தெரியல தாத்தா எனக்கு” என்றான். எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும், வளைவில் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை பயிற்சியாளர்களைத் தொந்தரவு செய்தான். எவ்வளவு வேகத்தில் போனான் என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. விழாமல் வந்தான். டயரின் ஓரம் வரை ரப்பர் உருண்டு திரண்டிருந்ததைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இனிப் போகவே மாட்டேன் என்று அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஏழு மணி வரை தூங்குகிறான் என்று அவன் அம்மா குறைபட்டுக்கொள்கிறாள். அடுத்த டிராக் டேக்குக் காசு சேர்க்கிறானாம். போன வாரம் அவன் சிநேகிதன் ஒருவன் தன் வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். “தாத்தா, என் வண்டியவும் கொஞ்சம் பாக்கறீங்களா?” முன் டயர் எண்ணைப் பார்த்தேன். ஆறு வயது. மாற்றிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்று அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பேரனோ பேத்தியோ இதையே கேட்கலாம். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் அவர்கள் போவது இருங்காட்டுக்கோட்டைக்கு இல்லை, மகாபலிபுரம் ரோட்டுக்கு. டயர் எந்த வருஷம், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது, கையுறை இருக்கிறதா, திரும்பி வருவது எப்படி என்று கேளுங்கள். நாலுக்கும் பதில் இருந்தால் கூடப் போய்வாருங்கள். தொப்பியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர் வெயில் ஜனவரியிலும் சுள்ளென்றுதான் அடிக்கிறது.