செவ்வாழை எந்தச் சாம்பல்?

“ஃபிலிமில் எடுத்ததா?” என்று என் படங்களைப் பார்த்து யாராவது கேட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். ஆனால் என் வாழ்நாளில் ஒரு ரோல்கூட எடுத்ததில்லை. ஊட்டி ஆலையில் தயாரான ‘இந்து’ ஃபிலிமைப் பெயராகத்தான் தெரியும். எனக்கு வாய்க்காத ஒரு காலத்துக்காக ஏங்கி, கணினியில் ட்ரை-எக்ஸ் ஃபிலிமைப் போலக் காட்டும் பிரீசெட் போட்டு, கிரெயின் தூவி, ஓரங்களை இருட்டடித்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தப் பித்தைத் தெளியவைத்தது திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியம். சிஷோம் வடிவமைத்து 1880-ல் முடிந்த கட்டடம். நேரில் போனால் முதலில் கண்ணில் படுவது சுவரின் வண்ணப் பட்டைகள்தான். நிறத்தை மொத்தமாக உருவிவிட்டால் சிவப்புப் பட்டையும் பக்கத்து மரத்தின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, கட்டடமே தோட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. கிரெயினை எவ்வளவு கொட்டினாலும் அது மீளாது.

ஃபிலிம்காரர்கள் இதை லென்ஸுக்கு முன்னாலேயே தீர்த்துக்கொண்டார்கள். சிவப்பு ஃபில்டர் மாட்டினால் சிவப்பு வெளுக்கும், இலை கருக்கும், நீல வானம் இருளும். கூலியாக மூன்று ஸ்டாப் வெளிச்சம் போகும். பச்சை ஃபில்டரில் இலை வெளுத்துச் சிவப்பு கருக்கும். திருவனந்தபுரத்துச் சித்ரலேகா கூட்டுறவுச் சங்கம் தயாரித்த, இயக்குநர் அடூரின் ‘சுயம்வரம்’ (1972) படத்துக்காக மங்கட ரவிவர்மா கருப்பு-வெள்ளை ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். எது எந்தச் சாம்பலாக விழும் என்று காட்ட அவருக்கு ஒரு திரை இருந்ததா? எல்லாம் மனக்கணக்கு.

நமக்கு அந்த முடிவைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. ரா ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். கருப்பு-வெள்ளையாக மாற்றும் மென்பொருளின் மிக்சரில் சிவப்பை ஏற்றலாம், பச்சையை இறக்கலாம். நீலத்தை மட்டும் அளவுக்கு மீறி இறக்கினால் வானம் திட்டுத்திட்டாகிவிடும். ஆனாலும் இதே ஊரின் சாலைக் கடைத்தெருவில், செவ்வாழைக் குலையும் பச்சை ஏத்தன் வாழைக் குலையும் அடுத்தடுத்துத் தொங்கும் கடை முன்னால், எதை வெளுக்கவிடப் போகிறேன் என்று யோசித்த பிறகே இப்போது ஷட்டரை அழுத்துகிறேன். தமிழும் மலையாளமும் கலந்து விலை பேசும் கடைக்காரருக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை. வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் வழிவிடு.

இன்னொரு சிக்கல், உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் மிஞ்சினாலும் வெண்மை மெல்ல மெல்லத்தான் அடங்கும், மடிப்பு தெரியும். சென்சாரில் ஓர் எல்லை தாண்டினால் வெறும் வெள்ளைத் தாள். அதனால் ஃபிலிம்காரர்கள் நிழலுக்கு அளவெடுத்தார்கள். நான் வேட்டிக்கு அளவெடுத்து, நிழலைப் பின்னால் தூக்கிக்கொள்கிறேன். கிரெயினை விடவில்லை. நடுச் சாம்பலில் மட்டும் கொஞ்சம். அடர்கருப்பிலும் தூய வெள்ளையிலும் வேண்டாம்.

இடவப்பாதி மழைக்கால வெளிச்சம் கருப்பு-வெள்ளைக்கென்றே வந்தது என்பார்கள். எனக்கு அது கடினமான பருவம். வெயிலும் நிழலும் இல்லாதபோது நிறங்களைப் பிரித்துத்தான் சாம்பல்களைப் பிரிக்க வேண்டும். ஆனால் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அப்போது முக்கால்வாசி கருப்புக் குடைகள். மிக்சரில் நகர்த்த ஒரு நிறமாவது கிடைக்க வேண்டாமா?