தெரிந்த குறைகள்

கெட்ட பின்பு ஞானம் பெறுவது மனித இயல்பு. பிறர் கெட்டதைக் கண்டு முன்னரே ஞானம் பெறுவதற்கே படிப்பு வேண்டும். படிப்பின் பெருமையைப் பற்றி மேடைகளில் பலமுறை முழங்கியிருக்கும் நாம், ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கச் சோம்பியதால் அடைந்த நஷ்டத்தை இங்கே வெட்கத்தோடு எழுதுகிறோம்.

நாம் பிறந்த ரப்பர் தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் புது வீடுகள் எழும்பிவிட்டன. அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெயர், ஊர், கப்பலேறி வந்த கதை ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு, நான்கு ஆண்டுகளாக நமது கணினியில் எழுதி வந்தோம். வேறு பிரதி எடுத்து வைத்தோமில்லை.

ஒரு நாள் மாலை, இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கணினி அறிவித்தது. கணினிக்குள் நடக்கும் வேலைகள் அனைத்தையும் மேற்பார்த்து நடத்துவதே இயங்குதளம். அதை மாற்றுவது விளையாட்டுக் காரியமன்று. பக்கத்து வீட்டுத் தம்பி, “ஐயா, தெரிந்த குறைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுச் செய்யுங்கள்” என்றார். “குறை தெரிந்தவர்கள் அதைத் திருத்தியல்லவா அனுப்ப வேண்டும்?” என்று தர்க்கம் பேசிவிட்டுப் பொத்தானை அழுத்தினோம். திரையில் வட்டம் சுழன்றது. ஒரு மணி நேரம் கழிந்தும் சுழன்றுகொண்டே இருந்தது. பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினோம். அதன் பின் கணினி எழவேயில்லை.

மறுநாள் தம்பி அதன் வட்டைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைத்துத் தேடினார். பெரும்பகுதி கிடைத்தது. மூன்று குடும்பங்களின் கோப்புகள் மட்டும் திறக்கவில்லை. இரண்டு குடும்பத்தாரிடம் மீண்டும் சென்று கேட்டு எழுதிக்கொண்டோம். மூன்றாவது கதையைச் சொன்ன பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். பிறகுதான் அந்தப் பட்டியலைப் படித்தோம். வட்டில் இடம் குறைந்திருந்தால் வேலை நின்றுபோனதுபோல் தோன்றும், இடையில் அணைத்துவிட வேண்டாம் என்று அதன் தொடக்கத்திலேயே கண்டிருந்தது.

இது நமது அவசரத்தின் குற்றம். ஆயினும் எல்லாக் குற்றமும் பயன்படுத்துவோருடையது அன்று. 2018 அக்டோபர் 2-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-இன் 1809 என்னும் பதிப்பை வெளியிட்டது. சில நாட்களுக்குள், தங்கள் கோப்புகள் மறைந்துவிட்டன என்று சிலர் முறையிட்டனர். நிறுவனம் பதிப்பை நிறுத்திவைத்து, நவம்பர் 13-ஆம் நாளே மறுபடி வெளியிட்டது. காரணம் கேளுங்கள். தம் கோப்புறைகளை வேறு வட்டுக்கு மாற்றியிருந்த சிலருக்கு, முந்தைய பதிப்பில் வெறுங்கோப்புறைகள் மிகையாகத் தோன்றின. அவற்றைத் துடைப்பதற்கென்று சேர்த்த கட்டளை, பழைய இடத்தில் இருந்த கோப்புறைகளை உள்ளிருந்த பொருளோடு சேர்த்துத் துடைத்துவிட்டது!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெளியீட்டுக்கு முன்பே, சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் இந்த இழப்பை எழுதித் தெரிவித்திருந்தனர். பலர் ஆதரித்த புகார்களே மேலே வந்தமையால், சிலருடைய குரல் அடியில் அமிழ்ந்துபோயிற்று. பதிப்பை ஏற்றியவர்களில் பத்தாயிரத்துக்கு ஒருவரே இழப்பைத் தெரிவித்தனர் என்று நிறுவனம் பின்னர்க் கூறியது. அந்த ஒருவருக்குப் போனது முழுவதுமன்றோ? பெரட்டுக் களத்தில் நூறு பேர் கூலி தாமதம் என்று கூவும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் சொல்வது யார் காதில் விழும்? எத்தனை பேர் முறையிட்டார்கள் என்பதோடு, எவ்வளவு பெரிய துன்பம் என்பதையும் குறிக்க அந்நிறுவனம் பின்னர் வழி செய்தது. இது நல்ல திருத்தம்.

ஆகவே தெரிந்த குறைகளை வெளியிடுவதை நாம் இப்போது இகழ்வதில்லை. மறைப்பதைவிடச் சொல்வது நேர்மை. குறையோடு மாற்று வழியும் அதில் இருக்கும். 2019 மே மாதப் பதிப்பு, யூஎஸ்பி வட்டோ எஸ்டி அட்டையோ செருகியிருந்த சில கணினிகளில் ஏறவில்லை. வட்டுகளின் அடையாள எழுத்து மாறிவிடக்கூடும் என்பதால் நிறுவனமே தடுத்திருந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குக என்பதே மாற்று வழி. இவ்வளவு எளிய காரியத்தை அறியாமல் எத்தனை பேர் கடைக்குத் தூக்கிச் சென்று பணம் கொடுத்திருப்பார்கள்!

தோழர்களே, புதிய பதிப்பை ஏற்றுமுன் உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி எடுங்கள். வட்டில் போதிய இடம் உண்டா என்று பாருங்கள். பட்டியலைப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாதாயின் தெரிந்த பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலை நடக்கையில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பட்டியலில் இல்லாத குறை நேர்ந்தால், நமக்கென்ன என்று இராமல் எழுதித் தெரிவியுங்கள்.

அந்தப் பாட்டியின் பெயரைத் தலைப்பில் எழுதி, கீழே வெற்றிடமாக விட்டு வைத்திருக்கிறோம். அவருடைய கதையை அறிந்தவர் எவரேனும் வருவாரா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.