கொடி கொடுத்த நாடு எங்கே இருந்தது?

பத்திரிகைத்துறையில் நான் கால்பதித்த ஆரம்ப நாட்களில், கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துசேரும் கப்பல்களின் பட்டியலைத் தினமும் பெற்றுவந்து பிரசுரத்துக்குத் தயார்செய்யும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கப்பலின் பெயர், கொடி, புறப்பட்ட துறைமுகம், சரக்கு என்று நான்கு நிரல்கள். கொடிக்கான நிரலில் பனாமா, லைபீரியா என்ற இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்த நாடுகள் இத்தனை கப்பல்களை வைத்திருக்கும் அளவுக்குச் செல்வந்த நாடுகளா என்று துறைமுகத்தில் பணிபுரிந்த வயது முதிர்ந்த எழுதுவினைஞர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, இந்தக் கப்பல்களில் பல அந்த நாடுகளின் கரையைக் கண்டதேயில்லை. கொடி வாடகைக்கு எடுத்தது” என்றார்.

ஒருநாள் அவசரத்தில் இரண்டு கப்பல்களின் கொடிகளை இடம்மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் பத்திரிகையில் பிழையைக் கண்டதும் ஆசிரியரின் கண்டனத்தை எதிர்பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால், எவருமே எதுவும் கேட்கவில்லை. கப்பல் முகவர்கள் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. கொடி என்பது எவருமே கவனிக்காத ஒரு நிரல் என்ற முடிவுக்கு அன்று வந்தேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை உணர்வதற்குப் பல தசாப்தங்கள் சென்றன.

2010 ஏப்ரல் 20 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீற்றர் தொலைவில், மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்த ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்ற துளைமேடை வெடித்துத் தீப்பற்றியது. மேடையில் இருந்த 126 பேரில் 11 பேர் உயிரிழந்தனர். இரண்டு நாட்கள் எரிந்த பின்னர் அது கடலில் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில், கடலடியில் இருந்த கிணற்றின் வாயிலிருந்து 87 நாட்களாக எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்நாட்களில் செய்திகள் எல்லாம் எண்ணெய் படிந்த பறவைகளைப் பற்றியும் பிபி நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றியுமே பேசின. அந்த மேடையின் பதிவுத் துறைமுகம் மயூரோ என்பதைக் கவனித்தவர்கள் சொற்பமே.

மயூரோ, பசுபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் மார்ஷல் தீவுகளின் தலைநகர். 1946 தொடக்கம் 1958 வரை அமெரிக்கா 67 அணுவாயுதப் பரிசோதனைகளை நடத்திய தீவுக்கூட்டம் அது. ஒரு சிறிய நகரத்தின் அளவுக்கே சனத்தொகையைக் கொண்ட அந்த நாடு, இன்று உலகின் மிகப்பெரிய கப்பற் பதிவேடுகளில் ஒன்றுக்குச் சொந்தமான நாடு. ஆனால், அந்தப் பதிவேட்டை நிருவகிக்கும் பிரதான அலுவலகம் மயூரோவில் இல்லை. வாஷிங்டனுக்கு அருகே, வேர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் நகரில், தனியார் நிறுவனமொன்றின் பொறுப்பில் அது இயங்குகிறது.

ஒரு துளைமேடைக்கு எதற்குக் கொடி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கடலடியில் நிரந்தரமாக ஊன்றப்பட்ட மேடை கரையோர நாட்டின் சட்டத்துக்குள் அடங்கும். ஆனால், இடம்விட்டு இடம் மாறக்கூடிய, மிதக்கும் மேடை ஒரு கப்பலாகவே கருதப்படுகிறது. டீப்வோட்டர் ஹொரைசனுக்கு நங்கூரமில்லை. செய்மதிச் சமிக்ஞைகளின் துணையுடன் தனது உந்துவிசை இயந்திரங்களை இயக்கி, கிணற்றுக்கு நேர்மேலே அது நின்றுகொண்டிருந்தது. ஆகவே, எந்தக் கப்பலையும் போன்று அதற்கும் ஒரு கொடி தேவைப்பட்டது. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 91 ஆவது உறுப்புரை, கொடிக்கும் கப்பலுக்கும் இடையில் ‘உண்மையான தொடர்பு’ இருக்கவேண்டும் என்று கூறுகிறது. கப்பலின் கட்டமைப்பு, உபகரணங்கள், ஆளணி ஆகியவற்றின் பாதுகாப்பைக் கொடி நாடு உறுதிசெய்யவேண்டும் என்கிறது 94 ஆவது உறுப்புரை. சட்டத்தின் மொழியில் எந்தக் குறையும் இல்லை.

நடைமுறையில் என்ன நடந்தது? தென்கொரியாவில் கட்டப்பட்ட மேடை அது. உரிமையாளரான ட்ரான்ஸ்ஓஷன் சுவிற்சர்லாந்தைத் தலைமையகமாகக் கொண்டது. வாடகைக்கு எடுத்திருந்த பிபி பிரித்தானிய நிறுவனம். மேடையைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பை மார்ஷல் தீவுகள், கப்பல்களைத் தரப்படுத்தும் இரு சங்கங்களிடம் ஒப்படைத்திருந்தன. ஒன்று அமெரிக்கச் சங்கம். மற்றையது நோர்வேச் சங்கம். இத்தகைய சங்கங்களுக்குக் கட்டணம் செலுத்துபவர் கப்பலின் உரிமையாளரே. இவ்வாறு பொறுப்பை ஒப்படைப்பதைச் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், ஒப்படைத்த பின்னர் அந்தப் பணி ஒழுங்காக நடைபெறுகிறதா என்று பார்க்கவேண்டிய கடமை கொடி நாட்டை விட்டு அகலுவதில்லை.

2011 ஏப்ரலில் வெளியான அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் விசாரணை அறிக்கை இந்த இடத்திலேயே விரலை வைத்தது. மார்ஷல் தீவுகள் தமது பரிசோதனைப் பணிகள் அனைத்தையும் பிறரிடம் கையளித்துவிட்டு, தமது தரப்பில் மேடைக்கு எவரையும் அனுப்பிக் கண்காணிக்காததன் மூலம் உண்மையில் பொறுப்பையே கைவிட்டுவிட்டன என்று அது முடிவுசெய்தது. அறிக்கை தன் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டுக் கொடியுடைய மேடைகளுக்குக் காவற்படை நடத்திய சோதனை, அமெரிக்கக் கொடியுடைய மேடைகளுக்கு நடத்தப்பட்டதைக் காட்டிலும் மிகவும் மேலோட்டமானது என்பதை அது ஒப்புக்கொண்டது. கொடி நாடு பார்த்திருக்கும் என்று கரையோர நாடு நம்பியது. சங்கங்கள் பார்த்திருக்கும் என்று கொடி நாடு நம்பியது.

அந்த அறிக்கையில் ஒரு விடயம் என்னைத் திகைக்கவைத்தது. மார்ஷல் தீவுகளின் பதிவில் மேடையின் வகை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அது வெறும் எழுதுவினைப் பிழை என்று விளக்கமளிக்கப்பட்டது. அந்தப் பிழையின் விளைவாக மேடையில் இரட்டைத் தலைமை அனுமதிக்கப்பட்டது. கிணற்றுடன் இணைந்திருக்கும்போது மேடை முகாமையாளர் பொறுப்பு. பயணத்திலும் அவசரநிலையிலும் கப்டன் பொறுப்பு. கிணற்றுடன் இணைந்திருக்கும்போதே அவசரநிலை தோன்றினால்? அன்றிரவு தோன்றியது. கிணற்றிலிருந்து மேடையைத் துண்டிக்கும் அவசரப் பொறியை இயக்குவதற்குக் கப்டன் முகாமையாளரிடம் அனுமதி கேட்டார் என்பது விசாரணையில் வெளிவந்தது. பொறி இயக்கப்பட்டபோது அது வேலைசெய்யவில்லை. முன்னரே இயக்கியிருந்தால் மேடை தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுக் கூறமுடியாது. ஆனால், தீப்பற்றி எரியும் மேடையில் யார் கட்டளையிடுவது என்பதில் ஒரு கணமேனும் ஐயம் எழுந்திருக்கக்கூடாது.

கொடி நிரலில் நான் செய்த பிழை நினைவுக்கு வந்தது. என்னுடைய பிழையால் எவருக்கும் எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. அது எனது திறமையல்ல, அதிர்ஷ்டம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மார்ஷல் தீவுகளும் தமது அறிக்கையை வெளியிட்டன. விபத்தின் மூலகாரணம் கிணற்றின் கட்டுப்பாட்டை இழந்தமையே என்று அது கூறியது. அதில் உண்மையுண்டு, கிணறு பொங்கியிராவிட்டால் எந்தக் கேள்வியும் எழுந்திராது. ஆனால், பாதுகாப்பு ஏற்பாடுகளின் தேவையே கிணறு பொங்கும் இரவுக்காகத்தானே?

சிறிய நாடுகளை மாத்திரம் குறைகூறுவதும் நியாயமல்ல. 1982 பெப்ரவரியில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ‘ஓஷன் ரேஞ்சர்’ என்ற துளைமேடை புயலில் கவிழ்ந்து, அதில் இருந்த 84 பேரும் மாண்டனர். அதில் பறந்தது அமெரிக்கக் கொடி. அதன் பரிசோதனைச் சான்றிதழ் முந்திய டிசம்பரிலேயே காலாவதியாகிவிட்டிருந்தது. வல்லரசின் கொடியும் எவராவது நேரில் சென்று பார்த்தால் மாத்திரமே பாதுகாப்புத் தரும்.

கொடி நாடுகள் தமது கடமையைச் செய்கின்றனவா என்பதைத் தணிக்கை செய்யும் சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டம் நெடுங்காலமாக விரும்பியவர்களுக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. 2016 ஜனவரியிலிருந்துதான் அது கட்டாயமாக்கப்பட்டது. தாமதமான முன்னேற்றம், ஆனாலும் முன்னேற்றமே.

அமெரிக்கக் கடலில் நடந்த கதை நமக்கெதற்கு என்று எண்ணவேண்டாம். அந்த அறிக்கைகள் வெளியான அதே 2011 ஆம் ஆண்டிலேயே மன்னார் வளைகுடாவில் ‘சிக்யூ’ என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பல் இலங்கைக்காகக் கிணறுகளைத் தோண்டி, இயற்கை வாயு இருப்பதைக் கண்டறிந்தது. அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை. அந்த வாயுவை வெளியே எடுக்கும் நாளொன்று வருமானால், மீண்டும் ஏதோவொரு நாட்டின் கொடியுடன் ஒரு மேடை அந்தக் கடலுக்கு வரும். இரு கரைகளிலும் வாழும் மீனவர்கள் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள்.

அன்று அந்தச் செய்தியை எழுதப்போகும் இளம் நிருபருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கொடியின் பெயரைச் சரியாக எழுதுங்கள். பிறகு, அந்த நாட்டிலிருந்து எவராவது கடைசியாக எப்போது மேடையில் ஏறிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.