ஆள் குறைந்தாலும் ஆட்டம் காணாத அணி

கண் அறுவை அரங்கில் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, கருவிகளின் பெயரும் கை கழுவும் முறையும் சீக்கிரமே கைவந்துவிட்டன. நாளெடுத்தது, ஓர் அணி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கப் பழகுவதுதான்.

மதுரையில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசினால் அரவிந்த் கண் மருத்துவமனை வராமல் இருக்காது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை செய்தவர். மன உறுதிக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் 2006-இல் அவர் மறைந்த பிறகும் வேலை தடைபடவில்லை என்றால், அதற்கு வேலையைப் பிரித்த விதமும் காரணம். டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். அந்தத் தயாரிப்பெல்லாம், பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு.

நான் பயின்ற இடத்திலும் இதே ஏற்பாடுதான். கண் சிகிச்சை முகாமுக்கு மறுநாள், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் வராந்தா நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஸ்க்ரப்பில், அதாவது டாக்டருக்குக் கருவி எடுத்துக்கொடுக்க, நிற்க வேண்டிய அக்காவுக்குக் காய்ச்சல். வெளியிலிருந்து தேவையானதை எடுத்துத் தரும் ரன்னிங் வேலை பார்த்தவரை ஸ்க்ரப்புக்கு மாற்றி, என்னை ரன்னிங்குக்கு அனுப்பினார் பொறுப்பு சிஸ்டர். ஒரு கேஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியைக் குறித்துவைக்கவும் சொன்னார். முதலில் இடைவெளி நீண்டது. பிறகு மெல்லச் சுருங்கி வழக்கத்துக்கு வந்தது.

“எவ்வளவு சறுக்குச்சுன்னு மட்டும் பாக்காதம்மா. எத்தன கேஸ்ல பழைய வேகத்துக்கு வந்துச்சுன்னு பாரு” என்றார் சிஸ்டர். அணி எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதுதான் முதல் அளவு.

இரண்டாவதை அன்றைக்கே பார்த்தேன். கண்ணில் வைக்கும் லென்ஸின் பெட்டியைப் பிரிக்கும் முன் அதன் பவரை உரக்கப் படிப்பது வழக்கம். “வலது கண், 21.5” என்று குரல் வந்ததும், கேஸ் ஷீட்டோடு நின்ற புதுப் பெண், “சார், இதுல 20.5 போட்ருக்கு” என்றாள். டாக்டர் கையை நிறுத்தினார். பெட்டி மாறியது. அவளை யாரும் முறைக்கவில்லை. சாயங்காலம் அது பிழைப் பதிவேட்டில் ஏறியது.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ஆகவே பதிவேடு காலியாக இருந்தால் சந்தோஷப்படாதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது, சுவரில் ஒட்டிய ஓர் அட்டவணை. ஆட்டோகிளேவ், லென்ஸ் அளவு, மேசைத் தயாரிப்பு என ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைத் தெரிந்தவர்களின் பெயர்கள். ஒரே பெயர் இருக்கும் வரியில் சிவப்பு மை அடிப்பார்கள்; அடுத்த பயிற்சி அந்த வேலையில்தான். ஒருவரே இரண்டு ஷிப்ட் பார்த்து ஈடுகட்டும் நாளை, ‘சமாளித்தோம்’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

மில்லோ, பட்டறையோ, வங்கிக் கிளையோ, நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் அப்படியொரு அட்டவணையை இந்த வாரமே எழுதிப் பாருங்கள். சிவப்பு வரிகள் எத்தனை என்று எண்ணினால், உங்கள் அணி எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும்.